மீனைத் தள்ளி வைக்கும் முன்: கரப்பான் உள்ள வீட்டுக்கு ஒரு சமையலறை வழிகாட்டி

என் மகனுக்கு இரண்டரை வயதில் முழங்கை மடிப்பில் தொடங்கிய அரிப்பு, மூன்று வயதுக்குள் கழுத்துக்கும் முழங்காலின் பின்பக்கத்துக்கும் போய்விட்டது. இரவெல்லாம் சொறிவான். காலையில் தலையணை உறையில் ரத்தப் புள்ளிகள் இருக்கும். தண்டையார்பேட்டையில் குடியிருப்பவனுக்குச் சந்தேகம் முதலில் எதன் மேல் விழும்? காசிமேட்டு மீன்பிடித் துறைமுகக் காற்று வீசும் வீட்டில் மீனைத் தவிர வேறு எதன் மேல் விழும்? எதிர்வீட்டு அத்தை சொன்னார், மாடி வீட்டுப் பெரியவர் சொன்னார், பால்வாடி ஆயாவும் சொன்னார்: மீனை நிறுத்துங்கள். நிறுத்தினோம். ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு வறுத்த சங்கரா; அவனுக்கு மட்டும், பிள்ளை ஏங்கிப்போகக் கூடாதே என்று, வெங்காயம் போட்ட ஆம்லெட். அரிப்பு குறையவில்லை. 'வீட்டில் யாரோ கள்ளத்தனமாக மீன் கொடுக்கிறார்கள்' என்று நான் என் மனைவியைச் சந்தேகப்பட்ட நாளும் உண்டு. அதற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

அந்தக் குழப்பத்திலிருந்து வெளியே வர எங்களுக்கு 11 மாதம் ஆனது. உங்களுக்கு அவ்வளவு ஆக வேண்டியதில்லை என்பதற்காக, நாங்கள் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன். நான் மருத்துவன் இல்லை. நோட்டும் பேனாவும் வைத்துக்கொண்டு கேள்வி கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டவன்.

டாக்டர் சீட்டில் எக்சிமா என்று இருப்பதை நம் வீடுகளில் கரப்பான் என்கிறோம். அதற்குக் 'கரப்பான் பண்டம்' என்று ஒரு பட்டியலும் பாட்டிமார்களிடம் இருக்கிறது: கத்தரிக்காய், கருவாடு, இறால், சோளம், கம்பு. அந்தப் பட்டியலை நான் கேலி செய்யவில்லை. அது சந்தேகப் பட்டியல். அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளும்போதுதான் குழந்தையின் தட்டு காலியாகிறது. கரப்பானின் அடிப்படை, தோலின் காப்புச் சுவர் பலவீனமாக இருப்பது. ஈரம் வெளியே கசிகிறது. தூசியும் சோப்பும் வியர்வையும் உள்ளே இறங்கி எரிச்சலைக் கிளப்புகின்றன. ஃபிலாக்ரின் என்ற தோல் புரதத்துக்கான மரபணுவில் பழுது இருப்பவர்களுக்கு இது வர வாய்ப்பு அதிகம் என்று 2006-இல் கண்டறிந்தார்கள். அந்த எரிச்சலைச் சிலருக்குச் சில உணவுகள் ஊதிவிடுகின்றன. உணவின் பங்கு அவ்வளவுதான். ஆனால் அந்தச் சிலரில் நம் பிள்ளை இருந்தால் அது பெரிய பங்கு.

முதலில், இது கரப்பான்தானா?

நெருக்கமாகக் குடியிருக்கும் நம் தெருக்களில் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போகக் கூடாது. விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு, அக்குள் ஆகிய இடங்களில் அரித்து, இரவில் அதிகமாகி, வீட்டில் இன்னும் இரண்டு பேருக்கும் அரித்தால் அது பெரும்பாலும் சிரங்கு. அது ஒரு நுண்ணிய பூச்சியால் வருவது. எத்தனை பத்தியம் இருந்தாலும் போகாது, மருந்து பூசினால் போய்விடும். வட்டமாக, ஓரம் தடித்து, நடுவில் தெளிந்திருந்தால் படையாக இருக்கலாம், அது பூஞ்சை. கரப்பான் கைக்குழந்தைக்குக் கன்னத்திலும், வளர்ந்த குழந்தைக்கு முழங்கை, முழங்கால் மடிப்புகளிலும், பெரியவர்களுக்குக் கை, கழுத்து, கண்ணிமை ஆகிய இடங்களிலும் வருவது வழக்கம். குடும்பத்தில் யாருக்காவது ஆஸ்துமாவோ ஓயாத தும்மலோ இருந்தால் சந்தேகம் வலுக்கிறது.

வடசென்னைக்காரர்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் தோல் பிரிவு பக்கத்திலேயே இருக்கிறது. குழந்தைகள் என்றால் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கும் போகலாம். காலையில் சீக்கிரம் போய் புறநோயாளிச் சீட்டு வாங்கிவிடுங்கள். மருந்துக்கடையில் நேராகப் போய் 'அரிப்புக்கு ஒரு ட்யூப்' என்று கேட்டு வாங்குவதை மட்டும் விட்டுவிடுங்கள். அப்படித் தரப்படும் கலவை மருந்துகளில் பெரும்பாலும் வீரியமான ஸ்டீராய்டு இருக்கும். இரண்டு நாளில் அரிப்பு அடங்கும். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து போகும். அதே ஸ்டீராய்டை டாக்டர் சொன்ன வீரியத்தில், சொன்ன நாட்களுக்குப் பூசுவதற்குப் பயப்படத் தேவையில்லை.

மஞ்சள் பொருக்கு கட்டிச் சீழ் வைத்தாலோ, காய்ச்சலோடு கொத்துக் கொத்தாகக் குழிப்புண்கள் வந்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். உணவு ஆராய்ச்சி பிறகு.

சட்டியைத் தொடும் முன் தோலைத் தொடுங்கள்

கொழுந்துவிட்டு எரியும் தோலில் எந்த உணவின் சாட்சியும் செல்லாது. முட்டை கொடுத்தாலும் அரிக்கும், கொடுக்காவிட்டாலும் அரிக்கும். அதனால் முதல் மூன்று நான்கு வாரம் சமையலில் எதையும் மாற்றாதீர்கள். தோலை மட்டும் கவனியுங்கள்.

குளியல் 5 முதல் 10 நிமிடம், வெதுவெதுப்பான தண்ணீர், சோப்பு மிகக் குறைவு. துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் காயும் முன்பே ஈரப்பதம் காக்கும் களிம்பைத் தடவ வேண்டும். தாராளமாக என்றால் தாராளமாக: ஒரு குழந்தைக்கே வாரத்துக்கு 250 கிராம் வரை செலவாகும். விலை உயர்ந்ததுதான் வேலை செய்யும் என்பதில்லை. சாதாரண பெட்ரோலியம் ஜெல்லியே போதும். ஏப்ரல், மே மாதங்களில் அது பிசுபிசுத்து வியர்வையைக் கிளப்பும். அப்போது இலேசான கிரீமுக்கு மாறிக்கொள்ளலாம். திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கும் வீடுகளில், கடைசிச் சொம்புத் தண்ணீராவது லாரித் தண்ணீராக இருக்கட்டும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வெடித்த தோலில் சாப்பாட்டுப் பொருளைப் பூசாதீர்கள். நலங்கு மாவு, கடலை மாவு, பாலேடு, கோதுமைத் தவிடு, செக்குக் கடலெண்ணெய் ஆகியவற்றை அன்போடு தேய்த்துக் குளிப்பாட்டும் வீடு எங்களுடையதும்தான். உடைந்த தோல் வழியாக ஓர் உணவின் புரதம் உள்ளே போனால், உடம்பு அதை எதிரி என்று பதிந்துகொள்ளும் வாய்ப்பு அதிகம். அதே உணவு வாய் வழியாக வயிற்றுக்குப் போனால் உடம்பு அதைப் பழகிக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "அப்படியென்றால் மாவை வடைக்கு எடுத்துக்கொள்கிறேன்" என்றார்.

பல வீடுகளில் இந்தப் படியோடு கதை முடிந்துவிடும். தோல் அடங்கிவிட்டால் எந்த உணவையும் விலக்க வேண்டியதில்லை. மகிழ்ச்சியாக மீன் வாங்கப் போகலாம்.

யார் உணவைச் சந்தேகிக்கலாம்?

ஒழுங்காகக் களிம்பு தடவியும் மருந்து பூசியும் அடங்காத, நடுத்தர அல்லது கடுமையான கரப்பான் உள்ள சிறு குழந்தைகள்தான் முதல் வரிசை. அவர்களிலும் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத்தான் உணவு ஒவ்வாமை இருக்கும். பெரியவர்களுக்கு வரும் கரப்பானில் உணவின் கை இருப்பது அரிது. பாத்திரம் தேய்க்கும் சோப்பு, சிமெண்ட், ரப்பர் கையுறை, வியர்வை ஆகியவற்றை முதலில் பாருங்கள். கடையில் நாள் முழுக்க இறால் உரிக்கும் பெண்களுக்குக் கையில் வருவது, இறால் சாப்பிட்டதால் வந்தது என்று முடிவு கட்ட முடியாது. ஈரமும் பனிக்கட்டியும் இறால் சாறும் மணிக்கணக்கில் தோலில் ஊறியதே போதுமான காரணம்.

உணவு காட்டும் முகம் இரண்டு. ஒன்று உடனடி: சாப்பிட்ட சில நிமிடம் முதல் இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, இருமல். இன்னொன்று தாமதம்: 6 முதல் 48 மணி நேரம் கழித்துக் கரப்பான் சிவந்து அரிக்கும். ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குத் திங்கள் இரவு பதில் வரலாம் என்பதால்தான் பழி தவறான பண்டத்தின் மேல் விழுகிறது.

உடனடி முகம் ஒருமுறையாவது காட்டியிருந்தால் இந்த வழிகாட்டியின் மீதிப் படிகளை வீட்டில் செய்யாதீர்கள். அது டாக்டர் முன்னிலையில் நடக்க வேண்டிய வேலை. மூச்சுத் திணறினாலோ, குரல் கம்மினாலோ, குழந்தை துவண்டு போனாலோ, யோசிக்காமல் 108.

நோட்டு

நாற்பது பக்க நோட்டு போதும். இரண்டு வாரம், எதையும் மாற்றாமல், உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். எங்கள் நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது: "ஞாயிறு. காலை இட்லி 3, கடலை சட்னி. 11 மணி டீக்கடைப் பொறை 1. மதியம் சோறு, ரசம், ஆம்லெட். மாலை மாடியில் விளையாட்டு, நல்ல வியர்வை. இரவு தோசை. அரிப்பு பத்துக்கு 4. திங்கள் இரவு பத்துக்கு 8, மூன்று முறை விழித்தான்."

சாப்பாட்டோடு வியர்வை, புதுச் சட்டை, மின்வெட்டு, சளி, காய்ச்சல், பண்டிகைப் பட்டாசுப் புகை எல்லாவற்றையும் எழுத வேண்டும். மணலி, எண்ணூர்ப் பக்கம் காற்றில் புகை நெடி தூக்கலாக இருந்த நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். எழுதாமல் விட்டால் எல்லாப் பாவமும் சாப்பாட்டின் தலையில் ஏறும். தினமும் ஒரே வெளிச்சத்தில் அதே முழங்கையைக் கைபேசியில் படம் பிடித்து வையுங்கள். நினைவு பொய் சொல்லும், படம் சொல்லாது.

எங்களுக்குத் திறவுகோல் கிடைத்தது மீன்பிடித் தடைக்காலத்தில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. மீன் விலை ஏறி, எங்கள் வீட்டிலேயே மீன் அடியோடு நின்றுபோனது. நோட்டில் மீன் என்ற சொல்லே இல்லை. அரிப்பு எண் மட்டும் அதே 7, 8. நானும் மனைவியும் உட்கார்ந்து 8 இருந்த நாட்களை எல்லாம் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டோம். ஒவ்வொரு வட்டத்துக்கும் முந்தைய நாளில் ஆம்லெட் இருந்தது. மீன் சாப்பிட்ட பழைய நாட்களில் ஏன் அரித்தது என்று அப்போதும் புரியவில்லை. அடுத்த முறை அம்மா மீன் வறுக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்தேன். அகலக் கிண்ணத்தில் மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், உப்பு, இஞ்சிப் பூண்டு விழுது. அதன் மேல், தோசைக்கல்லில் மசாலா உதிராமல் இருக்க, விளிம்பில் தட்டி உடைத்து ஊற்றினார் ஒரு முட்டை. முப்பது வருடமாக அப்படித்தான் செய்கிறாராம். நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

மீனை நிறுத்திவிட்டு அதற்குப் பதிலாக முட்டை கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

சந்தேகப் பட்டியல், நம் ஊர்ப் பதிப்பு

சிறு குழந்தைகளில் அதிகம் பிடிபடுபவை பால், முட்டை, கோதுமை, சோயா, நிலக்கடலை, முந்திரி போன்ற பருப்புகள், மீன், இறால், நண்டு. இவை நேராகத் தட்டில் வந்தால் கண்டுபிடிப்பது சுலபம். மறைந்து வரும் இடங்கள்தான் ஆளைக் கவிழ்க்கும்.

முட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். பப்ஸின் மேலே பளபளப்புக்குத் தடவுவது, கேக், சில பன்கள், முட்டை தோய்த்த பஜ்ஜி, ஃபிரைட் ரைஸ் கடையில் முட்டை வறுத்த அதே வாணலியில் புரளும் 'வெஜ்' நூடுல்ஸ். மசாலா தடவிய எந்த வறுவலாக இருந்தாலும் கடைக்காரரிடம் கேளுங்கள். எங்கள் அம்மாவின் கை வித்தை பல தள்ளுவண்டிகளிலும் இருக்கிறது.

பாலை நிறுத்துவது என்றால் தயிர், மோர், பனீர், பால்கோவா, பால்பவுடர் சேர்த்த பிஸ்கட், ஊட்டச்சத்து பானம் எல்லாம் சேர்த்துத்தான். நெய்யிலும் துளியளவு பால் புரதம் தங்கியிருக்கும். பசும்பால் ஆகாதென்று ஆட்டுப்பாலுக்கு மாறுவது பயனில்லாத வேலை. புரதங்கள் ஒன்றுக்கொன்று மிகவும் நெருங்கியவை, எருமைப்பாலும் அப்படியே.

கோதுமை என்றால் பரோட்டா, பூரி மட்டும் நினைவுக்கு வரும். ரவை, சேமியா, பொறை, ரஸ்க், சோயா சாஸ் ஆகியவையும் அதுதான். கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே விற்கும் அத்தோவின் நூடுல்ஸும் மைதாதான். பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் நமக்குக் கொடுத்த அருமையான கொடை, கோதுமை ஆகாதவர்களுக்கு மட்டும் ஆகாது. யாரும் எதிர்பார்க்காத இடம் பெருங்காயத்தூள். டப்பாவில் வரும் கூட்டுப் பெருங்காயத்தில் மைதாவோ அரிசி மாவோ கலந்திருக்கும். பின்பக்கத்தைப் படித்து அரிசி மாவு கலந்ததை வாங்குங்கள்.

நிலக்கடலை சட்னியிலும் கடலை மிட்டாயிலும் வெளிப்படையாக இருக்கிறது. சத்துமாவில் மறைந்திருக்கிறது. வீட்டில் அரைக்கும் சத்துமாவில் கோதுமை, நிலக்கடலை, முந்திரி, பாதாம், சோயா, பொட்டுக்கடலை என்று ஒரு கூட்டமே இருக்கும். சோதனைக் காலத்தில் அது வேண்டாம். சுத்திகரித்த கடலெண்ணெயில் புரதம் மிகமிகக் குறைவு, மரச்செக்கு எண்ணெயில் அப்படி இல்லை. சோயாவுக்கு மீல் மேக்கர் இருக்கும் பிரியாணியைப் பாருங்கள்.

இறாலும் நண்டும் ஒரே குடும்பம்; மீன் வேறு குடும்பம். இறால் ஆகாதவருக்கு வஞ்சிரம் ஆகலாம். இறாலில் தொல்லை தரும் புரதத்தின் பெயர் ட்ரோப்போமயோசின். அதற்கு மிக நெருங்கிய புரதம் தூசிப்பூச்சியிலும் கரப்பான் பூச்சியிலும் இருக்கிறது. கரப்பான் நோய்க்கும் கரப்பான் பூச்சிக்கும் யார் ஒரே பெயர் வைத்தார்களோ தெரியாது. விஷயம் தெரிந்து வைத்ததுபோல் பொருந்துகிறது.

மீனைப் பற்றி இன்னும் ஒன்று, காசிமேட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. கானாங்கெளுத்தி, சூரை, மத்தி போன்ற மீன்களைப் பனிக்கட்டி இல்லாமல் வெயிலில் வைத்தால், அவற்றின் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருள் சேர்கிறது. அரிப்பையும் சிவப்பையும் உண்டாக்க நம் உடம்பே சுரக்கும் பொருள்தான் அது. அந்த மீனைச் சாப்பிட்ட சில நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, உடம்பெல்லாம் ஊறல் எடுக்கும், தலைவலிக்கும். சமைத்தாலும் அந்த ஹிஸ்டமின் அழியாது. இது ஒவ்வாமை இல்லை, கெட்ட மீன். ஒரே சட்டிக் குழம்பைச் சாப்பிட்ட பலருக்கும் வரும் என்பது அடையாளம். இதைக் கரப்பான் கணக்கில் எழுதி, வாழ்நாள் முழுக்க மீனை விட்டவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். விடிகாலையில் வாங்குங்கள், செவுள் சிவந்திருக்க வேண்டும், அழுத்தினால் சதை திரும்ப எழ வேண்டும், கூடையில் பனிக்கட்டி இருக்க வேண்டும். பத்து மணிக்கு மேல் தள்ளுபடி விலையில் கிடைக்கும் மத்தி தள்ளுபடிக்கான காரணத்தோடுதான் வருகிறது.

கத்தரிக்காய், தக்காளி, எலுமிச்சை ஆகியவை வாயைச் சுற்றிச் சிவக்க வைப்பது பெரும்பாலும் சாறு பட்ட எரிச்சல். சாப்பிடும் முன் குழந்தையின் வாயைச் சுற்றிக் கொஞ்சம் பெட்ரோலியம் ஜெல்லி தடவிப் பாருங்கள். கத்தரிக்காய் உண்மையாகவே ஒத்துக்கொள்ளாதவர்களும் உண்டு. அதற்கும் நோட்டுதான் சாட்சி.

ஒரு நேரத்தில் ஒன்று

நோட்டு கைகாட்டும் ஒரே ஓர் உணவை, டாக்டரிடம் சொல்லிவிட்டு, இரண்டு முதல் நான்கு வாரம் முழுவதுமாக நிறுத்துங்கள். 'கொஞ்சமாகக் கொடுத்தேன்' என்பது கணக்கில் வராது. அதே நேரத்தில் வேறு எதையும் மாற்றக் கூடாது: புதுக் களிம்பு வேண்டாம், புதுச் சோப்பு வேண்டாம். பாலும் முட்டையும் கோதுமையும் மீனும் ஒன்றாக நின்றால், தோல் தெளிந்தாலும் எதனால் தெளிந்தது என்று தெரியாது. குழந்தை மட்டும் இளைத்துப் போகும்.

நிறுத்தும் பொருளுக்கு ஈடு முதல் நாளே தயாராக இருக்க வேண்டும். கோதுமைக்கு ஈடு நம் ஊரில் பிரச்சினையே இல்லை. இட்லி, தோசை, இடியாப்பம், ஆடி மாதம் தெருவுக்குத் தெரு ஊற்றும் கேழ்வரகுக் கூழ். பாலை நிறுத்தினால் சுண்ணாம்புச் சத்துக்கு வழி பார்க்க வேண்டும். ஒரு பெரிய தம்ளர் பாலில் இருக்கும் அளவு, சுமார் 300 மில்லிகிராம், 100 கிராம் கேழ்வரகு மாவில் இருக்கிறது. முள்ளோடு சாப்பிடும் நெத்திலி, எள்ளுருண்டை, முருங்கைக்கீரை ஆகியவையும் கைகொடுக்கும். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குப் பாலை நிறுத்துவது மட்டும் முழுக்க டாக்டரின் முடிவு. அதற்கென்று தனிப் பால்மாவு இருக்கிறது, கூழும் கஞ்சியும் அதற்கு ஈடாகா. தாய்ப்பால் கொடுக்கும் அம்மாவைப் 'பத்தியம்' என்ற பெயரில் ரசம் சோற்றில் உட்கார வைப்பதும் வேண்டாம். அவருடைய உணவில் ஏதாவது ஒன்றை நிறுத்த வேண்டுமானால் டாக்டர் குறிப்பாகச் சொல்வார்.

மாதம் ஒருமுறை எடை, உயரம் பாருங்கள். நான்கு வாரத்தில் தோலில் மாற்றம் இல்லையென்றால் அந்த உணவு நிரபராதி. அன்றைக்கே தட்டில் வையுங்கள்.

திரும்பச் சேர்ப்பது

தோல் தெளிந்ததும் எல்லோரும் நின்றுவிடும் இடம் இது. நாங்களும் நின்றோம். 'எதற்கு வம்பு' என்று தோன்றும். ஆனால் நிறுத்தியபோது தெளிந்தது தற்செயலாகவும் இருக்கலாம். மழை வந்து வெயில் தணிந்திருக்கலாம். திரும்பக் கொடுத்துப் பார்த்து அரிப்பு வந்தால்தான் குற்றம் நிரூபணம். இன்னொரு காரணம் இதைவிடப் பெரியது: அவ்வப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்த ஓர் உணவை மாதக்கணக்கில் தேவையில்லாமல் விலக்கினால், உடம்பு அதைச் சகிக்கும் பழக்கத்தை இழந்து, திரும்பச் சாப்பிடும்போது உடனடி ஒவ்வாமையாக வெடிக்கக்கூடும்.

அதனால் எப்படித் தொடங்குவது என்று டாக்டரிடம் கேளுங்கள். வீட்டில் செய்யலாம் என்று அவர் சொன்னால், குழந்தை சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கும் ஒரு வார நாளில், காலையில் தொடங்குங்கள். ஞாயிறு மாலை வேண்டாம். ஏதாவது என்றால் டாக்டர் கிடைக்க வேண்டும். முதல் நாள் அரைத் தேக்கரண்டி, மறுநாள் இரண்டு தேக்கரண்டி, மூன்றாம் நாள் வழக்கமான அளவு. அதன்பின் இரண்டு நாள் நோட்டு. எங்கள் மகனுக்கு முட்டையைத் திரும்பக் கொடுப்பதை மருத்துவமனையிலேயே வைத்துச் செய்தார்கள். இரண்டாம் நாள் இரவே முழங்கை மடிப்பு சிவந்தது. அடுத்த வாரம் முட்டை சேர்க்காத மசாலாவில் வறுத்த சங்கரா கொடுத்தோம். ஒன்றும் ஆகவில்லை. நடு முள்ளை அவனே பிரித்து எடுத்துக் காட்டினான்.

பரிசோதனை பற்றி

ஊசி முனையால் தோலைக் குத்திப் பார்ப்பதும், ரத்தத்தில் ஐ.ஜி.இ. என்ற, ஒவ்வாமையில் பங்குள்ள எதிர்ப்புரதத்தைப் பார்ப்பதும் பயனுள்ளவைதான், டாக்டர் கேட்கும் கேள்விக்குப் பதிலாக எடுக்கும்போது. 'பாசிட்டிவ்' என்றால் உடம்பு அந்த உணவை அடையாளம் கண்டுவைத்திருக்கிறது என்றுதான் பொருள். சாப்பிட்டால் கட்டாயம் தொல்லை வரும் என்று பொருளில்லை. ஐ.ஜி.ஜி. என்ற இன்னொரு எதிர்ப்புரதத்தின் பெயரில் நூறு உணவுகளுக்குச் செய்யும் சோதனைக்கு ஒவ்வாமை கண்டறிவதில் மதிப்பே இல்லை. நாம் அடிக்கடி சாப்பிடுவது எது என்பதைத்தான் அது காட்டும். நாங்களும் ஒரு பரிசோதனைக் கூடத்தில் பல ஆயிரம் கொடுத்து அதை வாங்கினோம். அரிசி ஆகாது என்று வந்தது! தினம் மூன்று வேளை அரிசி சாப்பிடும் பிள்ளைக்கு வேறு என்ன வரும்?

வீட்டுக்கு வெளியே

பொட்டல உணவின் பின்பக்கத்தைப் படிக்கப் பழகுங்கள். 2020-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு ஆணைய விதிகளின்படி பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, நிலக்கடலையும் மற்ற பருப்புகளும், சோயா, கோதுமை போன்ற குளூட்டன் தானியங்கள் ஆகியவை இருந்தால் தனியாகக் குறிப்பிட வேண்டும். எழுத்து கடுகளவு இருக்கும். கைபேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள்.

பால்வாடியிலும் பள்ளியிலும் வாய்மொழி போதாது. சத்துணவில் முட்டை வரும் நாள் நம் பிள்ளைக்கும் தட்டில் விழும். பரிமாறும் அம்மாவுக்கு அது பாசம். டாக்டர் கையெழுத்திட்ட சீட்டை ஆசிரியரிடம் கொடுத்து, ஒரு நகலைச் சத்துணவுக் கூடத்திலும் கொடுங்கள். உறவினர் வீட்டு விசேஷங்களில் 'ஒரு வாய் சாப்பிட்டால் என்ன ஆகிவிடும்' என்பவர்களிடம் வாதாடிப் பயனில்லை. நான் திங்கள் காலை எடுத்த முழங்கைப் படத்தைக் காட்டிவிடுவேன்.

வீட்டில் அடுத்த குழந்தை வருகிறது என்றால், முன்னெச்சரிக்கையாக எல்லாவற்றையும் தள்ளிப்போடும் யோசனையைக் கைவிடுங்கள். கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ இருந்த 640 கைக்குழந்தைகளை வைத்து லண்டனில் நடந்த ஆய்வு 2015-இல் வெளியானது. 4 முதல் 11 மாதத்துக்குள் நிலக்கடலை கொடுக்கத் தொடங்கிய குழந்தைகளுக்கு, ஐந்து வயதில் கடலை ஒவ்வாமை வந்தது 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருந்தது. கரப்பான் கடுமையாக உள்ள குழந்தைக்கு டாக்டர் பரிசோதித்த பிறகே தொடங்க வேண்டும். கொடுப்பதும் நைசாக அரைத்து நீர்க்கக் கரைத்த விழுதாக; முழுக் கடலை தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

பாலும் முட்டையும் ஒத்துக்கொள்ளாத குழந்தைகளில் பெரும்பாலோருக்கு வளர வளர ஒத்துக்கொள்ளத் தொடங்கும். நிலக்கடலை, மீன், இறால் ஒவ்வாமை பெரும்பாலும் தங்கிவிடும். முட்டையிலும் ஒரு வசதி இருக்கிறது. மாவோடு சேர்ந்து அடுப்பில் நெடுநேரம் வெந்த முட்டையின் புரதம் உருமாறிவிடுவதால், ஆம்லெட் ஆகாத பல குழந்தைகளுக்குக் கேக் ஒத்துக்கொள்ளும். அதனால் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்கு ஒருமுறை மறுபடி சோதிக்க டாக்டரிடம் தேதி வாங்குங்கள். எங்கள் மகன் இப்போது ஒன்றாம் வகுப்பு. பிறந்த நாளுக்குக் கேக் சாப்பிட்டான், ஒன்றும் ஆகவில்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவன் கையாலேயே கோணல் எழுத்தில் எழுதியிருக்கிறான்: "அரையாண்டு லீவு. அவித்த முட்டை. அரை ஸ்பூன். ஆஸ்பத்திரியில்."